மாடிப்படிக்குக் கீழே

புதுக் கட்டடத்துக்குள் நுழைந்ததும் படியக்கா முதலில் பார்ப்பது மாடிப்படியின் அடிவயிற்றை. குனிந்து, துடைப்பக் கட்டையால் தட்டிப் பார்த்து, உள்ளே உட்கார்ந்தும் பார்ப்பார். தலை இடிக்கவில்லை என்றால் அறிவிப்பு வரும்: "புடிச்சாச்சுடி! இதான் நம்ம டைனிங் ஹால்."

அவர் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தபோது பல்கலைக்கழகம் என்பது ஒரு கட்டடமும் முள்காடும்தான். பத்தாண்டுகளில் ஆய்வகங்கள், அரங்கம், நீச்சல்குளம் எல்லாம் வந்துவிட்டன. துணைவேந்தரின் காருக்குக்கூடத் தனிக் கூரை உண்டு. ஒவ்வொரு தரையிலும் சிமென்ட் கறையைச் சுரண்டி, திறப்பு விழாவுக்கு முகம் பார்க்கும்படி தேய்த்துக் கொடுத்த பெண்கள் உட்கார்ந்து சாப்பிட மட்டும் எந்த வரைபடத்திலும் ஓர் அறை இல்லை. கேட்டால் நிர்வாகத்தின் பதில், "அடுத்த கட்டடத்துல பாக்கலாம்." மறதி என்று சொல்லாதீர்கள். மறதி பத்து வருஷமாக ஒரே ஆட்களைக் குறிபார்த்து வராது.

படிகளுக்கு அவர் தரும் மதிப்பீடு தனி. நூலகப் படி, "ஏசி ரூமு." வேதியியல் படி, "சோத்துலயும் ஆசிட் வாடை." மேலாண்மைத் துறைப் படி, "மேல சார் நடந்தா கீழ நம்ம தட்டுல மண்ணு."

போன வாரம் நிர்வாகக் கட்டடம் தயாரானது. படியக்கா குனிந்தார். படி முழுக்கக் கண்ணாடி. அடியில் ஒளிந்துகொள்ள இடமே இல்லை, எதிர்ச்சுவர் தெரிந்தது. சாப்பாட்டு டப்பாக்களோடு பெண்கள் விழித்தார்கள்.

"வெளிய மரத்தடியில சாப்பிடுங்கக்கா," என்றார் மேற்பார்வையாளர்.

"மழை கொட்டுது, தம்பி. கண்ணு தெரியுதா?"

"என்ன பண்றது? ஆண்டவன் விட்ட வழி."

"பிளான் போட்டது ஆண்டவனா, இன்ஜினியரா? ஆண்டவன் மேல ஏன் பழி போடுற?"

மேற்பார்வையாளர் குரலைத் தாழ்த்தினார். "பெரியவங்க வர்ற நேரம். அடுத்த மாசம் கான்ட்ராக்ட்ல உங்க பேரு இருக்கணும்ல?"

படியக்காவின் முகம் ஒரு கணம் சுண்டியது. வீட்டில் சம்பாதிப்பது அவர் ஒருவர்தான். பிறகு வாளியை ஓரமாக வைத்துவிட்டு, கண்ணாடிப் படிகளில் ஏறி, நட்டநடுவில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார்.

மேலிருந்து இறங்கி வந்த கோட்டுக்காரர்கள் அப்படியே நின்றார்கள். படியக்கா நிமிர்ந்து பார்த்தார். எழுந்திருக்கவில்லை. பக்கத்து இடத்தைத் துணியால் ஒரு தரம் துடைத்தார். கீழே நின்ற பெண்களைப் பார்த்தபடி, இன்னும் இருவர் உட்காரும் அளவுக்கு நகர்ந்துகொண்டார்.