ஏலக்காய் ஸ்டோரில் காய்ந்த நாற்பது புத்தகங்கள்

போன வருடம் என் அக்கா தவறிப்போனாள். கம்பத்துக்கு மேலே மலையில், அவள் டீச்சராக வேலை பார்த்த ஆனைக்கரையின் நூலகத்துக்கே தன் புத்தகங்களைக் கொடுக்கச் சொல்லியிருந்தாள். மனசு வராமல் நான் ஒன்றையும் திறந்தே பார்த்ததில்லை. போன மாதம், அக்டோபரில், ஒரு வெள்ளிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

என் ஊர் எலப்புள்ளியில் காலை 5 மணிக்குப் புறப்பட்டு, பொள்ளாச்சி, பழனி, தேனி என்று பஸ் மாறி, மதியம் 2.30க்குக் கம்பம். பஸ் செலவு 310 ரூபாய். நூலகர் ஸ்டெல்லா போனில் ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார்: பிளாஸ்டிக் சுற்றிக் கொண்டுவரக் கூடாது. மழைக்காலத்தில் இதென்ன வீம்பு என்று முணுமுணுத்துக்கொண்டேதான் நாற்பது புத்தகங்களையும் அட்டைப்பெட்டியில் கட்டினேன்.

கம்பத்தில் ஜீப் பிடித்தேன், 24 கி.மீ., 900 ரூபாய். பெட்டி கூரைமேல் ஏறியதும் டிரைவர் தார்ப்பாயை எடுத்தார்.

"வேண்டாமுங்க. பிளாஸ்டிக்கே ஆகாதுன்னு அந்தம்மா சொல்லீட்டாங்க" என்றேன் வீறாப்பாக.

மலை ஏறும்போது மழை பிடித்தது. நூலக வாசலில் பெட்டியை இறக்கினால் தண்ணீர் ஒழுகுகிறது. அக்கா பக்க ஓரங்களில் பென்சிலால் எழுதுகிறவள். அவள் கையெழுத்தென்று மிச்சமிருப்பது அதுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"சார், ஒரு தடவ சுத்திட்டுக் குப்பையில போடுற கவரத்தான் வேண்டாம்னேன். தார்ப்பாய் வருசக்கணக்கா உழைக்குமே, அதப் போட்டா என்ன?" என்றார் ஸ்டெல்லா.

பெட்டியோடு என்னைப் பக்கத்து ஏலக்காய் ஸ்டோருக்கு அழைத்துப்போனார். பச்சைக் காயை விறகுச் சூட்டில் உலர்த்தும் அறை. காய்ந்ததை அன்று மதியம்தான் அள்ளியிருந்தார்கள். சூடு அப்படியே இருந்தது.

"இந்தச் சூடு சும்மாதான போகுது. மழைக்கு நமுத்த புத்தகத்தயெல்லாம் இங்கனதான் காய வப்போம். கரண்டே வேண்டாம்."

பக்கங்களுக்கு நடுவே பழைய பேப்பர் வைத்து, கம்பித் தட்டுகளில் விரித்து நிறுத்தினோம். 700 ரூபாய் அறையில் தங்கினேன்.

காலை 10 மணிக்குப் போய்ப் பார்த்தால் அட்டைகள் நெளிந்திருந்தன, ஆனால் ஒரு பென்சில் எழுத்துகூட அழியவில்லை. ஏலக்காய் வாசனை வேறு. ஒரு நாவலை விரித்தேன். ஓரத்தில், 'இதைத் தம்பிக்கு வாசித்துக் காட்டணும்.'

கொடுத்ததைத் திருப்பிக் கேட்க நா எழவில்லை. ஸ்டெல்லா எட்டிப் படித்தார். ஒன்றும் கேட்காமல் எனக்கொரு உறுப்பினர் அட்டை போட்டு, அதையே இரவல் தந்தார். "ரெண்டு வாரம் சார். தார்ப்பாயோட வாங்க."

அந்த அம்மாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. போகிறவர்களுக்கு: நூலகம் காலை 10 முதல் மாலை 6 வரை. துணிப்பை கொண்டுபோங்கள். ஜீப்பில் தார்ப்பாய் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள்.

நாவலைத் தினமும் சத்தமாக வாசிக்கிறேன். இன்னும் முப்பது பக்கம் பாக்கி. சனிக்கிழமை திருப்பிக் கொடுக்க வேண்டும்.