தங்கை உடுத்த சிவப்புப் பாவாடை

என் தங்கை இத்தாலியைச் சேர்ந்த ஒரு தீவில், நடமாட முடியாத ஒரு கிழவியம்மாளைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். போன சித்திரையில் ஒருநாள் ஃபோனில் கூப்பிட்டு, "அக்கா, இங்க ஒரு புனிதருக்குப் பெருநாள் வருது. ஊர் ஊரா ஆளுக பழைய காலத்து உடுப்பு உடுத்துட்டு ஊர்வலம் போவாவ. என்னையும் உடுக்கச் சொல்லுதாவ" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடுப்புத் திருவிழா என்றதும், நாகர்கோவிலில் என் மகனுக்கு ஒட்டுமீசை வைத்துப் பள்ளிக்கூட மேடையில் நிறுத்தியதும், மீசை வாய்க்குள் போய் அவன் அழுததும்தான் ஞாபகம் வந்தன.

"மாறுவேடப் போட்டியாட்டி? பரிசு உண்டா?"

அவள் சிரிக்கவில்லை. அங்கே அது விளையாட்டு இல்லையாம். ஒவ்வொரு ஊருக்கும் ஓர் உடை, ஒரு நிறம். அம்மாவின் பாவாடை மகளுக்குப் போகும். கிழவியம்மாளுக்கு மகள் இல்லை. முட்டுவலி வந்து உட்கார்ந்த பிறகு அவளுடைய உடுப்பு பெட்டிக்குள்ளேயே கிடக்கிறது. ஊர்ப் பெண்கள் வேறு யாருக்காவது கேட்டதற்கு, "என்னைத் தூக்கிக் குளிப்பாட்டுகிறவள் உடுக்காமல் வேறு யார் உடுப்பது?" என்று சண்டை பிடித்திருக்கிறாள்.

"பிறகென்ன, உடுத்துட்டுப் போயேன்."

"பெட்டில ரெண்டு இருக்குக்கா. ஒண்ணு கறுப்பு. புருஷன் இல்லாதவங்க உடுக்கியது. இன்னொண்ணு சிவப்பு. நான் கறுப்பு போதும்னு சொன்னேன். அந்தம்மா கேக்க மாட்டேங்குதாவ. சிவப்பைத்தான் எடுத்து வெயில்ல போடச் சொன்னாவ." பிறகு, "நீ மாமிட்ட ஒரு வார்த்த கேக்கியா?" என்றாள்.

இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது.

தங்கையின் புருஷன் மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர். ஆழ்கடலுக்குப் போனவர் ஒரு புயலில் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. அதனால் அழுது முடிக்கவும் வழியில்லாமல் போயிற்று. யாராவது கரையில் ஓடினாலே அவர் அம்மா, அதாவது மாமி, எழுந்து வாசலுக்கு வருவாள். வெகுகாலம் கழித்துத்தான் மாதா கோயிலில் அவருக்காக இறந்தவர்களுக்கான பூசை வைக்கச் சம்மதித்தாள். பூசை முடிந்த மறுநாளே தங்கை நிறச்சேலைகளை மடித்து வைத்துவிட்டாள். யாரும் சொல்லவில்லை, தானாகச் செய்தாள். அன்றுமுதல் அவளை வெளிறிய நீலத்திலும் சாம்பல் நிறத்திலும்தான் பார்க்கிறேன். எனக்கு அது ஆற்றாமையாக இருந்தது. ஒரு கிறிஸ்துமஸுக்குச் சண்டைபோட்டுப் பச்சைச் சேலை வாங்கிக் கொடுத்தேன். அது என் பீரோவிலேயே இருக்கிறது.

கறுப்பை உடுத்தால், மகன் செத்துப்போனான் என்று ஊர் நடுவே மறுபடி சொல்வதாக மாமி நினைப்பாள். சிவப்பை உடுத்தால், மருமகள் அவனை மறந்துவிட்டாள் என்று நினைப்பாள். ஒன்றும் உடுக்காமல் இருந்துவிடலாம். ஆனால் தங்கைக்கு உடுக்க ஆசை. அவள் ஆசை என்று வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அக்காவுக்குத் தெரியாதா?

ஞாயிற்றுக்கிழமை மாமி ஊருக்குப் பஸ் ஏறினேன். வழியெல்லாம் எப்படிப் பேச்சை எடுப்பது என்று யோசித்து, பாதி வாக்கியங்களாகச் சேர்த்து வைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் மாமி கட்டிலில் பட்டுச்சேலைகளைப் பரப்பி வைத்திருந்தாள். ஊர்க்கோயில் மாதா சொரூபத்துக்குச் சேலை சாத்துவது வெகுகாலமாக அவள் பொறுப்பு. நேர்ச்சையாக வரும் சேலைகளைச் சுருக்கமில்லாமல் மடித்து, பெருநாளுக்கு எது, சாதாரண நாளுக்கு எது என்று பிரித்து வைப்பாள். அன்று அரக்குச் சிவப்புச் சேலை ஒன்றை மடியில் போட்டுத் தடவிக்கொண்டிருந்தாள். உடுத்திருந்தது வழக்கமான வெள்ளை.

"வா மக்களே. கருவாட்டுக் கொழம்பு இருக்கு. தின்னுட்டுப் பேசு" என்றாள்.

தின்றேன். சேர்த்து வைத்த வாக்கியங்கள் குழம்போடு போய்விட்டன. கடைசியில் நேராகவே கேட்டேன். தீவு, புனிதர், கிழவியம்மாள், கறுப்பு, சிவப்பு எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "அவளுக்கு உங்க வாயால கேக்கணுமாம், மாமி" என்றேன்.

மாமி சேலையை மடித்துக்கொண்டே இருந்தாள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, உள்ளங்கையால் நீவி, மறுபடி மடித்தாள்.

"சூசையப்பரு முன்னமே போயிட்டாருல்லா?" என்றாள்.

மாதாவின் புருஷன் எதற்கு இங்கே வருகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. "ஆமா" என்றேன்.

"அப்பம் மாதாவும் தாலியறுத்தவதானே. அதுக்காவ நான் வெள்ளச்சேலையா சாத்துதேன்?" அரக்குச் சேலையை என் முன்னால் தூக்கிக் காட்டினாள். "பெருநாளுக்கு உடுக்கியதில என்ன இருக்கு. உடுக்கச் சொல்லு. சிவப்பையே உடுக்கச் சொல்லு."

என் கண் அவளுடைய வெள்ளைச் சேலைக்குப் போனதைப் பார்த்துவிட்டாள். "எனக்க கதைய விடு. எனக்கு இது பழகிப்போச்சு. அது சின்னப்பிள்ள."

சின்னப்பிள்ளைக்கு நாற்பது தாண்டிவிட்டது.

பெருநாளன்று மாமியின் வீட்டில் நானும் அவளும் ஃபோனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்து, ஊர்வலத்தை நேரலையில் பார்க்க உட்கார்ந்தோம். எங்களுக்கு மத்தியானம் கழிந்திருந்தது, அங்கே காலை. முதலில் மாடுகள் வந்தன, கொம்பெல்லாம் பூச்சுற்றி. நாணற்குழல் ஊதினார்கள். தெருவெல்லாம் பூவிதழ்.

"இவ்வளவு பூவுக்கு தோவாளைப் பூச்சந்தைக்கா ஆளு அனுப்பினாவ?" என்றாள் மாமி.

பிறகு பெண்கள் வரிசை வரிசையாக வந்தார்கள். எல்லாரும் ஒன்றுபோல இருந்ததால் எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. மாமிதான் முதலில் கண்டுபிடித்தாள், முகத்தை வைத்து அல்ல. "அந்தா, கைய வீசாம நடந்து வாறா பாரு. நம்ம பிள்ள." சிவப்புப் பாவாடை, பூவேலை செய்த ரவிக்கை, கழுத்தில் தங்கப் பொத்தான்கள், தலையில் வெள்ளை முக்காடு. என் தங்கை அழகி என்பதை நான் மறந்தே போயிருந்தேன். எனக்கு அழுகை வந்தது. மாமிக்குத் தெரியாமல் துடைத்தேன். அவளும் அதையேதான் செய்துகொண்டிருந்தாள்.

ஊர்வலம் கழிந்ததும் தங்கையே வீடியோவில் கூப்பிட்டாள். அதே உடையில், வியர்த்துப்போய், ஒரு சுவரோரம் நின்றாள். பக்கத்தில் சக்கர நாற்காலியில் கிழவியம்மாள், பாவாடை மடிப்பை எட்டிப் பிடித்து நேராக்கிக்கொண்டிருந்தாள்.

"மாமி, நல்லா இருக்கா?" என்று கேட்டாள் தங்கை.

மாமி முக்காட்டிலிருந்து பாவாடை வரை பார்த்தாள். "எல்லாம் கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. தலையில பூ இல்லியே" என்றாள்.

"இங்க பூ வைக்கிய வழக்கம் இல்ல, மாமி."

மாமி எழுந்து உள்ளே போனாள். மாதா படத்துக்குப் போட்டிருந்த பிச்சிச்சரத்தில் ஒரு துண்டைக் கிள்ளிக்கொண்டு வந்தாள். மகன் போன பிறகு அவள் அந்தப் பூவைப் படத்துக்குத் தவிர யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை. ஃபோனுக்கு முன்னால் உட்கார்ந்து, தங்கையின் தலைக்கு நேராகப் பூவைப் பிடித்தாள்.

"முக்காட்டுக்கு உள்ள இருக்கட்டு. ஆரும் பாக்கமாட்டாவ" என்றாள்.

அந்தப் பக்கத்தில் தங்கை முக்காட்டை மெல்ல விலக்கி, பூ வைக்க வாகாகத் தலையைக் குனிந்துகொடுத்தாள்.