சனிக்கிழமை வகுப்பில் கற்பூரம்

வெள்ளிக்கிழமைப் பூசைக்குக் கற்பூரம் வாங்கப் பதுளை பஜாருக்குப் போயிருந்தேன். கடைக்காரர் டப்பாவைத் திறந்ததும் வாசனை மூக்கில் ஏறியது. கோயில் நினைவு வரவில்லை. ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் நடந்த சனிக்கிழமை வகுப்புதான் வந்தது. சாமி மன்னிக்கட்டும்.

முதுகலை மாணவர்களுக்கான எழுத்து வகுப்பு அது. எழுதுகிறவர் காக்க வேண்டிய தொழில் அறம் என் பாடம். எழுதியது புத்தகமாவது எப்படி என்பது என் நண்பர் குணசீலனின் பாடம். பரம்பரையாகப் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பம் அவருடையது. அதோடு ஒரு சிறிய பதிப்பகமும் நடத்தினார். நான் பென்சில்களை உயர வரிசையில் அடுக்கிய பிறகே வாய் திறப்பேன். அவர் கீழே பேக்கரியிலிருந்து மீன் பணிஸ் வாங்கிக்கொண்டு தாமதமாக வருவார். மாணவர்களுக்கு யாரைப் பிடித்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் நாள், இங்கே வாசிப்பது இந்த அறையைத் தாண்டக் கூடாது என்று ஓர் ஒப்பந்தம் தட்டச்சு செய்து எல்லோர் முன்னும் வைத்தேன். பூனாகலைத் தேயிலைத் தோட்டத்துச் செல்வராணி அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

“கையெழுத்தெல்லாம் எதுக்குங்க சேர்? எங்க லயத்து வீடுங்கள்ல கோழி காணாமப் போனாலே கற்பூரம் அடிச்சுத்தான் சத்தியம்.”

எனக்கும் அது சரியென்றே பட்டது. தட்டில் ஆளுக்கொரு வில்லை வைத்தோம். குணசீலன் தீப்பெட்டியோடு நின்று ஒவ்வொன்றாகக் கொளுத்தினார். நாங்கள் ஒவ்வொருவராக வந்து உள்ளங்கையால் அடித்து அணைத்தோம். கை சுட்டதால் அன்று பலகையில் இடக்கையால் எழுதினேன். அந்தக் கிறுக்கலை வைத்து வகுப்பு வெகுநாள் சிரித்தது.

அதன்பின் எதையும் வாசிக்கலாம் என்ற தைரியம் எல்லோருக்கும் வந்தது. செல்வராணி, பட்டத்துக்காக எழுதிக்கொண்டிருந்த நாவலின் ஓர் அத்தியாயத்தை வாசித்தாள். அவளுடைய அம்மா தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் ஆயா. கொழுந்து பறிக்கப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. மற்றப் பிள்ளைகள் ஏங்கிவிடுவார்கள் என்று, அங்கே சொந்த மகளும் அவரை ஆயா என்றே கூப்பிட வேண்டும். மாலையில் கதவைப் பூட்டிய பிறகுதான் அம்மா. பூட்டுச் சத்தத்துக்குக் காத்திருக்கும் சிறுமியை அவள் வாசித்தபோது குணசீலன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று அவரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

அடுத்த ஆண்டு குணசீலன் எழுதிய நாவல் வந்தது. சிறுமி சிறுவனாகியிருந்தாள். ஆயா, கதவு, பூட்டுச் சத்தம் எல்லாம் அப்படியே. பிறகு செல்வராணி தன் நாவலைக் கொடுத்தபோது, அச்சில் வந்த புத்தகத்தைப் பார்த்து எழுதியது என்று பரீட்சகர்கள் திருப்பி அனுப்பினார்கள். அவள் அதை முன்பே வகுப்பில் வாசித்துவிட்டாள் என்று நான் போய்ச் சொன்னேன். கூடப் படித்தவர்களும் சொன்னார்கள். எது முதலில் அச்சானதோ அதைத்தான் பார்ப்போம் என்றார்கள் பரீட்சகர்கள். குணசீலன் உண்மையை ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அவள் தப்பிவிடுவாள்.

துணிக்கடைக்குப் போனேன். வழக்கம்போல உட்காரவைத்து, தேநீர் வரவழைத்தார். எல்லோரும் சத்தியம் செய்தோமே என்றேன்.

“நீங்க செஞ்சீங்க. நான் கொளுத்தத்தானே செஞ்சேன்?”

உண்மைதான். அவருக்கு யாராவது ஒரு வில்லையைக் கொளுத்தி நீட்டியிருக்க வேண்டும். அத்தனை பேரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. நண்பருக்குத் தீக்குச்சி கிழிக்க எனக்குத் தோன்றவேயில்லை. ஆனால் அவர் அதை இத்தனை நாள் நினைவில் வைத்திருந்திருக்கிறார். தேநீரைத் தொடாமல் எழுந்து வந்தேன்.

செல்வராணி அந்த அத்தியாயத்தை நீக்கிவிட்டு, வேறொன்று எழுதிப் பட்டம் வாங்கினாள். விடைபெற வந்த அன்று, அம்மா குணசீலனின் புத்தகத்தைப் பார்த்தாரா என்று கேட்டேன்.

“காட்டலைங்க சேர். அதுல வர்ற மாதிரி அவங்களுக்கு மகன் யாருமில்ல.”

அறம் இப்போதும் பாடத்திட்டத்தில் இருக்கிறது, நான்தான் நடத்துகிறேன். மாணவர்கள் எழுதியதைக் கடவுச்சொல் போட்டு எனக்கு மட்டும் அனுப்புகிறார்கள். பக்கத்து நாற்காலிக்காரர் என்ன எழுதுகிறார் என்று யாருக்கும் தெரியாது. போன சனிக்கிழமை ஒரு பெண் எழுந்து, ஒரு பக்கம் சத்தமாக வாசிக்கட்டுமா என்று கேட்டாள். மற்றவர்கள் ஆவலோடு நிமிர்ந்தார்கள். அனுப்பிவிடுங்கள், வீட்டில் படித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.