பத்தாம் எண் பொட்டலம்

பத்து மாதிரிகளில் ஒன்பது ஒழுங்காகத்தான் இருந்தன. பத்தாவதுதான் காலை வாரியது.

காரையாறு அணைக்கு மேலே காட்டு ஓடைக்கரையில் நின்ற ஒரு நாவல் மரத்தைப் புதிய இனம் என்று நான்கு வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். பூக்காம்பு வேறு, காய் வேறு என்று கருத்தரங்கில் பேசியும் விட்டேன். ஆனால் கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்து இப்போது யாரும் ஒப்புக்கொள்வதில்லை. இலைக்குப் பச்சை கொடுக்கும் பசுங்கணிகத்துக்குள் தனியாக ஒரு சின்ன மரபணுத் தொகுதி இருக்கிறது. பெரும்பாலும் தாய்வழி வருவது, மெதுவாக மாறுவது. அதை எழுத்தெழுத்தாகப் படித்து ஒப்பிட்டால் எந்தச் செடி எதற்குச் சொந்தம் என்று தெரிந்துவிடும். அதற்காகத்தான் பத்து நாவல் வகைகளின் உலர்ந்த இலைகளை வெளியூர் ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பியிருந்தோம். அந்த ஓடைக்கரை மரம்தான் பத்தாவது; என் ஆய்வேடே அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

முடிவு வந்தது. ஒன்பதும் நாவல் கூட்டத்தில் போய் உட்கார்ந்தன. பத்தாவது புல்லுருவிக் குடும்பத்தில் நின்றது. மற்ற மரங்களின் கிளையில் ஒட்டி உறிஞ்சிப் பிழைக்குமே, அந்தப் புல்லுருவி. அப்படிப் பிழைக்கிற செடிகள் காலப்போக்கில் இழந்துவிடும் சில மரபணுக்கள் இதிலும் இல்லை.

"லேப்ல யாரோ அனுப்புன புல்லுருவிய நம்ம ட்யூப்ல போட்டுட்டாங்க. நல்லா கேட்டு மெயில் போட்டுட்டேன்" என்றார் என் வழிகாட்டிப் பேராசிரியை. நானும் பூம்பூம் மாடு போலத் தலையாட்டினேன்.

தலை ஆடியதே தவிர, மனசு அந்த மரத்தில் இலை பறித்த மழை நாளுக்கு ஓடிவிட்டது. கூட வந்த வனக்காவலர் கிளையை வெட்டிக் கீழே போட்டார். பூவுள்ள கொப்பை நான் தாளுக்கு நடுவே வைத்து அழுத்திக் கட்டினேன். பொட்டலத்துக்கு இலை பறிக்க வேண்டியதுதான் பாக்கி. "யம்மா, அங்கன ஆனை நிக்கு. பைய கெளம்புங்க" என்றார் அவர். குனிந்து கிளையில் கைக்கு எட்டியதைப் பறித்தேன், ஈரம் உறிஞ்சும் மணிகளோடு பொட்டலத்தில் திணித்தேன், பத்து என்று எழுதினேன். நாவல் குடும்பத்து இலையை வெளிச்சத்தில் பிடித்தால் ஊசியால் குத்தியதுபோல எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும். எப்போதும் அதைப் பார்த்துவிட்டுத்தான் பொட்டலம் கட்டுவேன். அன்று மட்டும் பார்க்கவில்லை.

அனுப்பியது போக மிச்ச இலைகள் என் மேஜை இழுப்பறையில்தான் இருந்தன. திறந்து பார்க்க அரை நிமிடம் ஆகாது. மூன்று நாள் திறக்கவில்லை. விடைத்தாள் திருத்துகிறேன், தலைவலி என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டேன். பயந்தாங்கொள்ளி, வேறென்ன சொல்ல?

நான்காம் நாள் காலையில் ஒரு புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, லேப்ல இருந்து பேசுதேன். உங்க எல எல்லாத்தையும் மரபணு எடுக்க அரைச்சது நாந்தான். நான் ட்யூப மாத்தலக்கா. நம்பர மூணு தடவ பாத்தேன்." ஆய்வகம் எங்கோ இருந்தாலும் பேச்சு நம் ஊர்ப் பேச்சு. ஆழ்வார்திருநகரி என்றாள். "நேத்தே வேலைக்கு வரவேண்டாம்னுட்டாங்கக்கா. வீட்டுல இன்னும் சொல்லல."

பிறகு கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டு இழுப்பறையைத் திறந்தேன். ஓர் இலையை ஜன்னலுக்கு நேரே பிடித்தேன். ஒரு புள்ளி இல்லை. அடுத்ததிலும் இல்லை. நாவல் இலையைப் போலவே தடித்த, நீண்ட, அப்பட்டமான புல்லுருவி. நாவல் கிளையில் ஒட்டி வளர்ந்திருந்ததை அவசரத்தில் பறித்திருக்கிறேன். அழுத்தி வைத்திருந்த கொப்பின் இலையையும் பிடித்துப் பார்த்தேன். அதில் புள்ளிகள் மின்னின.

இரண்டு இலைகளையும் கொண்டுபோய்க் காட்டினேன். பேராசிரியை கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நான் அவங்களுக்கு என்ன எழுதியிருக்கேன் தெரியுமா?"

"தெரியும் மேடம். தப்பு என்னுதுதான். இன்னொண்ணு எழுதணும்."

"நீயே எழுது."

புள்ளி பார்க்காமல் பறித்ததையும் சேர்த்து அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். அவளைத் திரும்பக் கூப்பிட அவர்களுக்கு ஒரு வாரம் ஆயிற்று. அந்த ஒரு வாரமும் மரத்தைப் பற்றிய கவலைகூட இரண்டாம் பட்சமாகிவிட்டது.

கொப்பிலிருந்து ஓர் இலையை வெட்டி மறுபடியும் அனுப்பினேன். பொட்டலம் போய்ச் சேர்ந்த அன்றே அவள் அழைத்தாள்.

"அக்கா, எல வந்துட்டு. வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன், புள்ளி இருக்கு. நீங்களும் பாத்தீங்கல்லா? அப்போ அரைக்கட்டா?"