பெங்களூரில் ஒரு செம்மேடு

வேலை போனதிலிருந்து தெரியாத நம்பர் எது வந்தாலும் எடுக்க வேண்டியிருக்கிறது. வேலை தருகிறவராகவும் இருக்கலாம், பைக் தவணை கேட்கிறவராகவும் இருக்கலாம்.

இன்று காலை பஸ்ஸில் வரும்போது ஒரு பெண் குரல். "சென்னை ஹெட் ஆபீஸ்லேருந்து பேசறோம் சார். நீங்க அப்ளை பண்ண சேல்ஸ் வேலை இன்னும் காலியா இருக்கு. சொந்த வண்டி இருக்கா?"

ஊர் சுற்றுகிற வேலை, நியாயமான கேள்வி. இருக்கிறது என்றேன்.

"இப்ப எங்க நிக்குது?"

எந்த இன்டர்வியூவில் இதைக் கேட்பார்கள்? வண்டி எங்கள் மலையில் குண்டனி நாட்டுக் கிராமம் ஒன்றில், தவணைக்காரர் கண்ணில் படாமல் மாமா வீட்டு மிளகு மூட்டைகளுக்குப் பின்னால் சாக்குப் போர்த்தி நிற்கிறது. அதையா சொல்வேன்?

"என்கூடத்தானுங்க இருக்குது. நான் பெங்களூருல இருக்கேன்."

"ஏனுங்க, அப்ப உங்க ஊட்டுல யாரு இருக்காங்க?"

ஏனுங்க! சென்னைக்காரர் வாயில் இது வருமா? அசல் நம்ம பக்கத்துப் பேச்சு. மாட்டிக்கொண்டார் என்று நான் வாயைத் திறந்த நேரம் பார்த்து கண்டக்டர் கத்தினார்: "செம்மேடு எறங்கறவங்கெல்லாம் எறங்குங்க!"

அது அந்தப் பக்கமும் கேட்டுவிட்டது.

"ஏனுங்க, பெங்களூருல செம்மேடு இருக்குதுங்களா? சரி, பஸ் ஸ்டாண்டுலயே நில்லுங்க. பக்கத்துலதான் இருக்கேன், வாரேன்."

ஒருவேளை நிஜமாகவே வேலையாக இருந்துவிட்டால்? அந்த ஒரு சந்தேகத்தில்தான் ஓடாமல், இறங்கி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன்.

இத்தனை மாதம் நான் வேலையைத் தேடினேன். இன்று வேலை என்னைத் தேடி வருகிறது.

செம்மேட்டு நண்பர்களே, இந்தக் கடைக்குப் பின்வாசல் உண்டா?