கிணற்றுக்குள் அவள் கேட்ட முதல் கேள்வி

சில வருடங்களுக்கு முன்பு, கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரத்தில் நடந்தது இது. பாறசாலைப் பக்கம் எல்லையோரத்தில் இருக்கிற சின்ன ஊர் எங்களுடையது. பகலில் ஒரு தையல் கடையில் சுடிதார் தைக்கிறேன். கூடவே, எங்கள் பகுதித் தீயணைப்பு நிலையத்தில் தன்னார்வத் தொண்டராகவும் இருக்கிறேன்.

பயிற்சி முடிந்து முதன்முதலாகச் சீருடை போட்டு நின்றபோது என் கணவர், "அடுப்புத் தீக்கே பேடிச்சவளாக்கும், இனி ஊருத் தீய அணைக்கப் போறா" என்று சிரித்தார். உண்மையில் எங்களுக்கு அங்கே பெரிய வேலை எதுவும் இல்லை. கூட்டத்தை விலக்குவோம், டார்ச் பிடிப்போம், ஹோஸைச் சுருட்டி வைப்போம். பெண்கள் என்றால் அதையும் கொஞ்சம் தள்ளி நின்றே செய்யச் சொல்வார்கள்.

அந்த வாரம் பனி அதிகம். சாயங்காலமே ஆரியங்கோட்டிலிருந்து அழைப்பு வந்துவிட்டது. ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்தும் கொட்டகை ஒன்று தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்தது. நிலையத்தின் இன்னொரு வண்டி ஏதோ விபத்துக்குப் போயிருந்ததால் எங்கள் வண்டியில் ஆள் குறைவு. ஆபீசர், டிரைவர், ஒரு ஃபயர்மேன், தொண்டர்களில் நானும் இன்னும் இரண்டு பேரும். தீ அடங்கியபோது ஃபயர்மேனின் கை பழுத்த தகரத்தில் பட்டு வெந்துபோயிருந்தது. துணி சுற்றிக்கொண்டு, "ஒண்ணுமில்ல" என்றார்.

திரும்பும் வழியிலேயே பெருங்கடவிளையில் ஒரு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். வாசலில் தொங்கவிட்ட கிறிஸ்துமஸ் நட்சத்திரம் ஷார்ட் ஆகி ஜன்னல் திரை பற்றிக்கொண்டதாம். நாங்கள் போவதற்குள் வீட்டுக்காரர்களே அணைத்துவிட்டிருந்தார்கள். வீணாக அலையவைத்துவிட்டோமே என்று அவர்களுக்கு ஒரே சங்கடம். ஆளுக்கொரு துண்டு கேக் கொடுத்தார்கள். அது வாயில் இருக்கும்போதே ஆபீசருக்கு அடுத்த போன். ஒரு பெண் கிணற்றில் சாடிவிட்டாளாம். குதிப்பதை எங்கள் பக்கம் சாடுவது என்றுதான் சொல்வோம்.

ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஒரு வீடு. கரண்டு இல்லை. முற்றம் நிறைய ஆட்கள் போன் வெளிச்சத்தோடு நின்றார்கள். பக்கத்து வீட்டு அம்மா ஓடிவந்து விவரம் சொன்னார்.

"மாப்பிள கல்ஃபில ஆக்கும். சாயந்திரம் மாமியும் மருமவளும் பயங்கரமாட்டு வழக்கு. கிறிஸ்மசுக்கு அம்மைக்க வீட்டுக்குப் போணும்னு இவ, போவாண்டாம்னு அவிய. நாங்க எல்லாரும் கேட்டோம். அந்த வெப்ராளத்தில மனசு பொறுக்காம சாடிட்டா."

மாமியார் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு எவர்சில்வர் தட்டு கிடந்தது. அதைத் தட்டித்தான் அக்கம்பக்கத்தை வரவழைத்தாராம். வந்தவர்களிடம் கிணற்றைக் கை காட்டியதோடு சரி. அப்போதும் நெஞ்சில் அறைந்துகொண்டு, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். சத்தம் வெளியே வரவில்லை. அழுது அழுது தொண்டை போய்விட்டது என்று நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

டார்ச் அடித்துப் பார்த்தோம். கழுத்தளவு தண்ணீரில் அந்தப் பெண் மோட்டார் குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தாள். ஃபயர்மேன் இடுப்பில் கயிற்றைக் கட்டத் தொடங்கியதும் உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ஆம்பிள ஆரும் எறங்காண்டாம்."

விழுந்த வேகத்தில் அவளுடைய நைட்டி தோளிலிருந்து கிழிந்து தொங்கியது. ஃபயர்மேனுக்கோ கயிறு பிடிக்கக் கை மடங்கவில்லை. ஆபீசர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சேச்சி, இறங்ஙாமோ?"

பயிற்சியில் ஒருமுறை கிணற்றில் இறங்கியிருக்கிறேன். அது பகல், கிணற்றிலும் தண்ணீர் இல்லை. யோசித்தால் பயந்துவிடுவேன் என்று தோன்றியதால் யோசிக்காமல் தலையாட்டிவிட்டேன்.

ஆபீசர் ஆண்களைத் தள்ளி நிற்கச் சொன்னார், போன்களை அணைக்கச் சொன்னார். விளக்கை இறக்கி, உள்ளே காற்று இருக்கிறதா என்று பார்த்தார்கள். பிறகு என்னை இறக்கினார்கள். பாசி வழுக்கிய சுவரில் கால் நிற்கவில்லை. தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் குளிரில் எனக்கு மூச்சே நின்றுபோனது. அவள் எவ்வளவு நேரமாக இதில் நிற்கிறாளோ என்று நினைத்தபடி அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"மக்கா, நான் வந்திட்டேன். இனி பேடிக்காண்டாம்."

பற்கள் தந்தியடிக்க அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"அக்கா, மாமிக்கு எப்பிடி உண்டு?"

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள்.

"அவியளுக்கு இழுப்பாக்கும். பனி வந்தா மூச்சு முட்டும். ஆவி பிடிக்க வெள்ளம் வேணும், டாங்கில ஒரு சொட்டு இல்ல. கோர வந்தேன். கயிறு கப்பியில சிக்கிச்சு. எட்டிப் பிடிச்சு இழுத்தேன், அறுந்து போச்சு." மேலே நிமிர்ந்து பார்த்து, "மேல என்ன சொல்லுகினும்? நான் சாடினேன்னா?" என்றாள்.

என் கண்ணுக்குள் அந்த வாசற்படி வந்துவிட்டது. என் பலம் முழுவதையும் சேர்த்து மேலே பார்த்துக் கத்தினேன்.

"சாரே, அந்த அம்மாவப் பாருங்க. அவிய அழல்ல, மூச்சு முட்டுதாக்கும். இவ சாடினதில்ல, அவியளுக்கு வெள்ளம் கோர வந்து கயிறு அறுந்து விழுந்தவ."

அதுவரை மேலே சலசலவென்று கேட்டுக்கொண்டிருந்த பேச்சு சட்டென்று நின்றது. அப்புறம் யாரோ ஓடும் சத்தம்.

ஆளைத் தூக்குகிற கயிற்று வலை இறங்கி வந்தது. என் சீருடைச் சட்டையைக் கழற்றி அவளுக்குப் போட்டு, வலையில் உட்கார வைத்து மேலே அனுப்பினேன். உள்ளே ஒரு பனியன் போட்டிருந்தேன், நல்லவேளை. வலை திரும்பி வரும்வரை இருட்டில் அந்தக் குழாயைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றேன். மேலே அந்த அம்மா இருக்கிறாரா, போய்விட்டாரா என்று தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

நான் மேலே வந்தபோது மாமியாரின் முகத்தில் ஆக்சிஜன் வைத்திருந்தார்கள். உதடு நீலம் பாரித்திருந்தது, ஆனால் நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மருமகள் போர்வைக்குள் நடுங்கியபடி பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அந்த அம்மா அவளுடைய ஈர நைட்டியின் ஓரத்தைக் கைக்குள் சுருட்டிப் பிடித்திருந்தார். ஆபீசரின் டார்ச் வெளிச்சத்தில் கப்பியில் அறுந்த கயிற்றின் நுனி தெரிந்தது.

போர்வை கொண்டுவந்தது அந்தப் பக்கத்து வீட்டு அம்மாதான். மருமகளின் தலையைத் துவட்டிக்கொண்டே, "அறியாம சொல்லிப் போட்டேன் மக்களே, மனசில வைக்காத" என்றார். அவரையும் குறை சொல்ல முடியாது. தட்டுச் சத்தம் கேட்டதும் முதலில் ஓடிவந்து, எங்களுக்குப் போன் போட்டதும் அவர்தான்.

ஆம்புலன்ஸில் ஒருத்தரைத்தான் படுக்க வைக்க முடியும் என்றார்கள். மருமகள், "நான் பக்கத்தில இருந்து வாறேன், அவியள படுக்க வைங்க" என்றாள். என் சட்டையோடுதான் போனாள். இரண்டு பேரும் பிழைத்து வீடு திரும்பினார்கள் என்று ஆபீசர் பிறகு சொன்னார்.

அதற்குப் பிறகு எத்தனையோ அழைப்புகளுக்குப் போய்விட்டேன். எங்கே போனாலும் நடந்ததைச் சொல்ல நாலு பேர் முன்னால் வருகிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள்கிறேன், ஆனால் அந்த இடத்தில் பேச முடியாமல் இருப்பது யார் என்றுதான் என் கண் முதலில் தேடுகிறது.