ரெஜினா அக்கா கீறிய வாசல்

ரெஜினா அக்காவின் மகள் ஸ்டெபனியின் அழைப்பு வந்தபோது, பாரிஸ் லாச்சப்பலில் என் போட்டோக்கொப்பிக் கடையில் ஒருவருக்காகப் பொபினி பிரெபெக்சருக்கு, விசா கொடுக்கிற அரச அலுவலகத்துக்கு, கடிதம் அடித்துக்கொண்டிருந்தேன். "அங்கிள், அம்மா இல்லை" என்றாள். என்னோடு எப்போதும் பிரெஞ்சில் பேசுகிற பிள்ளை அன்று தமிழில் சொன்னாள். தங்கள் மேலான கருணையை வேண்டுகிறேன் என்ற வரியைப் பாதி அடித்திருந்தேன். அதை முடிக்கக் கை வரவில்லை. வந்தவரை மறுநாள் வரச் சொல்லிவிட்டேன்.

ரெஜினா அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். மன்னாரிலிருந்து வந்தவர். பாரிசின் வடக்கே ஒரு மருத்துவமனையின் ஊர்ஜான்சில், அதாவது அவசர சிகிச்சைப் பிரிவில், இருபது வருடத்துக்கு மேல் துப்புரவு வேலை செய்தவர். ஞாயிறு பூசையில் யாராவது இருமினால் திரும்பிப் பார்த்து முறைக்கிறவர் என்று சொன்னால் மற்றவர்களுக்கும் ஞாபகம் வரும்.

எனக்கு அவருடைய அறிமுகமே ஏச்சோடுதான் தொடங்கியது. என் மாமனாருக்கு நெஞ்சுவலி வந்து அங்கே கொண்டுபோனார்கள். பின்னால் நாங்கள் பதினொரு பேர் போனோம். தேத்தண்ணீர்ப் போத்தல், பிஸ்கட், தவழுகிற மகள் எல்லாம் கூடவே. ஒருவருக்கு வருத்தமென்றால் வீட்டில் இருப்பது நமக்கு மானக்கேடு அல்லவா. நீலச் சட்டை போட்ட ஒரு பெண் மொப்போடு வந்து எங்கள் முன்னால் நின்றார்.

"இஞ்சை என்ன கலியாண வீடே? ஒராள் நில்லுங்கோ, மிச்சப் பேர் வெளியாலை போங்கோ. முதலிலை அந்தக் குழந்தையை நிலத்திலையிருந்து தூக்குங்கோ."

என் மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. அக்கா எங்கள் பின்னாலேயே வாசலுக்கு வந்து, குரலைத் தணித்து, குழந்தை தவழ்ந்த இடத்தில் சற்று முன்புதான் ஒரு பையன் வாந்தி எடுத்திருந்தான் என்றார். "துடைச்சனான்தான். ஆனா நான் துடைக்கிறது நிலத்தையும் கதிரையையும். காத்தை ஆர் துடைக்கிறது?"

அதன் பிறகு படிவம் நிரப்ப என் கடைக்கு வரத் தொடங்கினார். வந்தால் பேச்சு ஊர்ஜான்சின் காத்திருப்புக் கூடத்தைப் பற்றித்தான். உள்ளே வர ஒரே வாசல், பதிய ஒரே வரிசை. கதிரைகள் முகத்துக்கு முகம் பார்த்தபடி நிலத்தோடு பூட்டியவை. யன்னல் திறக்காது. கை கழுவும் தொட்டியோ தாதிமார் மட்டும் திறக்கக்கூடிய கதவுக்கு அந்தப் பக்கம். "டொக்டர்மார் ஆளைப் பாக்கினம், தம்பி. நான் ஆள் தொட்ட இடத்தைப் பாக்கிறன்" என்பார். எனக்கு அலுக்கும். ஆனாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் மூச்சு வாங்க வந்தார். ஊர்ஜான்சை இடித்துப் புதிதாகக் கட்டப்போகிறார்களாம். வரைபடத்தை ஊழியர் அறையில் ஒட்டி, எல்லோரும் கருத்து எழுதித் தரலாம் என்று அறிவித்திருந்தார்கள். அக்கா அதைக் கைப்பேசியில் படம் எடுத்து வந்திருந்தார். பெரிய தாளில் அச்சடித்துக் கொடுத்தேன். சிவப்புப் பேனையை வாங்கி, வாசலுக்கு இடப்பக்கச் சுவரில் இன்னொரு வாசலைக் கீறினார். அதற்குப் பின்னால் ஓர் அறையையும் கீறினார். பிறகு சொல்லச் சொல்ல என்னை எழுதச் சொன்னார்.

"இருமுறவனும் இதாலை வாறான், கால் உடைஞ்சவனும் இதாலைதான் வாறான். புதுசிலையும் அப்பிடியேதான் கீறியிருக்கினம். இது பிழை எண்டு எழுது. இருமுறவைக்கு வேறை வாசல், வேறை அறை. கை கழுவிற தொட்டி வாசலடியிலை. இல்லாட்டி ஒரு வருத்தத்தோடை வாறவை ரெண்டு வருத்தத்தோடை போவினம்."

நான் அதை அப்படி எழுதவில்லை.

இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் எழுதிய கடிதமெல்லாம் கும்பிட்டுக்கொண்டு நின்றவைதான். விசாவுக்கு, வீட்டுக்கு, பிள்ளையின் பள்ளிக்கு. மேலிடத்துக்குப் பிழை என்று எழுத என் விரலுக்குப் பழக்கமில்லை. ஓய்வுக்குக் கிட்டத்தில் இருக்கிற மனுசி, ஏன் வீண் வம்பு என்றும் நினைத்தேன். புதிய கட்டடத்துக்காக மனமார்ந்த நன்றி, இத்தனை வருடம் வேலை தந்ததற்கு நன்றி, வருகிறவர்களின் வசதியையும் தயவுடன் கவனித்தால் மகிழ்ச்சி. இவ்வளவுதான் எழுதினேன். வரைபடத்தையும் இணைக்கவில்லை. சிவப்புக் கோடு மரியாதையாக இராது என்று பட்டது.

அக்காவுக்குப் பிரெஞ்சு வாசிப்பு வராது. "நான் சொன்னதெல்லாம் இருக்கோ?" என்று கேட்டார்.

"ஓம் அக்கா" என்றேன். அவர் கையெழுத்து வைத்தார்.

பதில் வந்தது. அன்பான சொற்களுக்கு நன்றி என்று இரண்டு வரி. "வாசலைப் பற்றி என்னவாம்?" என்றார். யோசிப்பார்களாம் என்றேன். பிறகு கட்டடம் ஒரே வாசலோடு திறந்தது. "நான் சொல்லிப்போட்டன், அவை கேக்கேல்லை. என்ரை மனச்சாட்சிக்குக் குறையில்லை" என்று கண்டவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தார். குறை என் மனச்சாட்சியில் இருந்தது.

ஓய்வு பெற்ற பின் அவருக்கு இரத்தத்தில் நோய் கண்டது. அதற்கு எடுத்த மருந்தால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைந்துபோயிருந்தது. சென்ற குளிர்காலத்தில் திரான்சியில் தன் வீட்டுப் படியில் வழுக்கி மணிக்கட்டு முறிந்தது. ஸ்டெபனி வேலையில் இருந்ததால் நான்தான் கூட்டிப்போனேன், அதே ஊர்ஜான்சுக்கு. கூடம் நிறைந்திருந்தது. எதிரே ஒருவர் முகக்கவசத்தை நாடிக்குக் கீழே இழுத்துவிட்டு இருமிக்கொண்டிருந்தார். அக்கா எழும்பி, வெளியில் நிற்போம் என்றார். "குளிரிலை நிண்டு விறைக்கப்போறீங்களோ, இருங்கோ அக்கா" என்று தோளைப் பிடித்து இருத்தினேன். ஐந்து மணித்தியாலம் இருந்தோம். இடையில் இடப்பக்கச் சுவரைக் காட்டி, "இதிலைதான் நான் கீறின வாசல்" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன்.

நான்காம் நாள் காய்ச்சல். மூன்றாம் வாரம் அவர் இல்லை. எங்கே தொற்றியது என்று சொல்ல முடியாது, மெத்ரோவிலும் தொற்றலாம், கோவிலிலும் தொற்றலாம் என்றார் மருத்துவர். அவர் சொல்வது சரிதான். எனக்குத்தான் அந்தக் கதிரையை விட்டு எழும்ப முடியவில்லை.

அடக்கம் முடிந்து சாப்பிட்டபோது உங்களில் ஒருவர் எழுந்து, "அவ அப்பவே எழுதிக் குடுத்தவ, வெள்ளைக்காரன் கேக்கேல்லை" என்று பேசினார். எல்லோரும் தலையாட்டினீர்கள். நானும் ஆட்டினேன். இந்த அஞ்சலியை எழுதுவது அதற்காகத்தான். அவர்கள் கேட்காமல் விடவில்லை. அவர்களுக்கு யாரும் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் ஒரு துப்புரவுத் தொழிலாளியின் பேச்சுக்குச் சுவரை மாற்றியிருப்பார்களா? மாட்டார்கள் என்றுதான் என்னைத் தேற்றிப் பார்க்கிறேன். தேறவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவுக்குப் பிறகு ஸ்டெபனி கடைக்கு வந்து, ஞாபகத்துக்கு அம்மாவின் கடிதம் வேண்டும் என்றாள். பிரதியை எடுத்துக் கொடுத்தேன். அவள் இங்கே பிறந்தவள், பிரெஞ்சு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒருமுறை வாசித்தாள். தாளைத் திருப்பிப் பார்த்தாள். "இதிலே வாசல் எங்கே?" என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் ஏசவில்லை. எழும்பிப் போகவுமில்லை. கதிரையை என் பக்கத்தில் இழுத்துப்போட்டு, "அம்மா சொன்னபடி இப்ப எழுதுங்கோ" என்றாள்.

எழுதினோம். பிழை என்ற சொல்லை முதல் வரியிலேயே போட்டோம். வரைபடத்தின் பிரதியை இணைத்தோம். முடிவில் வழக்கம்போல் நன்றிக்கு விரல் போனது, நிறுத்திக்கொண்டேன். ஸ்டெபனி கையெழுத்து வைக்குமுன் முழுவதையும் தமிழில் உரக்க வாசித்தேன். இப்போது கடைக்கு வருகிற எல்லோருக்கும் அப்படித்தான் வாசித்துக் காட்டுகிறேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தச் சிவப்புக் கோடு போட்ட தாளும் அவருடைய ஒரு கேள்வியும்தான்.

ஓம் அக்கா. இந்த முறை நீங்கள் சொன்னதெல்லாம் இருக்கு.